ஒட்டுப்பட ஏடு

சேர்த்து வைத்தல் உயிர்களுக்கு இயல்பாக அமைந்த பண்புகளுள் ஒன்று. எறும்பு மழைக்காலத்தை எண்ணி இரை சேர்க்கின்றது. தேனீ மலர்தோறும் சென்று தேன் சேர்க்கின்றது. இவை வயிற்றின் பொருட்டுச் சேர்ப்பவை. மனிதனோ, வயிற்றுக்கும் உடைக்கும் உதவாத பொருள்களையும் தேடித் தேடிச் சேர்க்கின்றான். கிளிஞ்சல், பழங்காசு, அஞ்சல்தலை, தீப்பெட்டிப் படம் என அவன் சேர்ப்பவற்றுக்கு எல்லை இல்லை. ஒரு மனிதன் தேவைக்காகச் சேர்ப்பதைக் கொண்டு அவனுடைய நிலையை அறியலாம். விருப்பத்துக்காகச் சேர்ப்பதைக் கொண்டு அவனுடைய உள்ளத்தையே அறியலாம்.

இத்தகைய சேர்க்கைகளுள் கனடா நாட்டில் வழங்கும் ஒன்று எண்ணத் தக்கது. அங்கே வயது முதிர்ந்தோர் பலர், தாம் சிறுவராக இருந்த காலத்தில் வெளிவந்த ஹாக்கி ஒட்டுப்பட ஏடுகளைத் தேடிப் பெறுகின்றனர். ஆட்டக்காரர்களின் படங்களை ஒட்டுவதற்கென்று கட்டம் கட்டமாக அச்சிடப்பெற்ற ஏடுகள் அவை. அவற்றில் ஐம்பது ஆண்டுகளாக வெறுமையாய்க் கிடக்கும் கட்டங்களுக்கு உரிய படங்களை ஒவ்வொன்றாகத் தேடி ஒட்டி நிரப்புகின்றனர். இதனைக் கண்டு நகைப்போர் உண்டு. “பேரப்பிள்ளைகள் விளையாடும் வயதில் பாட்டனார் படம் ஒட்டுவதா?” என்பது அவர்கள் கேள்வி. இதனைப் பணம் பெருக்கும் வழியாகக் கருதுவோரும் உண்டு. “பழைய படம் இன்று பொன்னுக்கு நிகர், அதனை ஏட்டில் ஒட்டிக் கெடுப்பதா?” என்பது அவர்கள் கேள்வி. முன்னவர் இதனை வீண் என்கின்றனர். பின்னவர் இதனை வாணிகம் என்கின்றனர். இவ்விரு கூற்றும் பொருந்தா என்பதை ஆராய்ந்து காணலாம்.

நம் நாட்டில் ஹாக்கி என்றால் புல்தரையில் வளைகோல் கொண்டு பந்தை அடித்தாடும் ஆட்டமே நினைவுக்கு வரும். கனடா மக்கள் ஹாக்கி என்று சொல்வது பனிக்கட்டித் தரையில் ஆடப்படும் ஆட்டத்தை. ஆடுவோர் அடியில் எஃகுத் தகடு பொருத்திய காலணி அணிந்து காற்றெனச் சறுக்கிச் செல்வர். பந்துக்கு மாறாக, மூன்று அங்குலக் குறுக்களவுள்ள கெட்டியான ரப்பர் வட்டு ஒன்று அடிபட்டு ஓடும். ஒரு பக்கத்துக்கு ஆறு பேர். அவருள் ஒருவர் இலக்கைக் காப்பவர். குளிர்காலத்தில் ஏரியும் குளமும் உறைந்து கிடக்கும் அந்நாட்டில், இவ்வாட்டம் சிற்றூர்தோறும் வேரூன்றியது. எனவே, ஆட்டக்காரர் படங்களைச் சேர்க்கும் வழக்கமும் அங்கே ஆழமாக வேர்விட்டதில் வியப்பில்லை.

அவ்வழக்கம் நூறாண்டுக்கு மேற்பட்டது. 1910-11ஆம் ஆண்டுப் பருவத்திலேயே சிகரெட்டுப் பெட்டிகளுள் ஹாக்கி வீரர்களின் சிறு பட அட்டைகள் வைக்கப்பட்டன. பின்னர் இனிப்புப் பண்டம் செய்வோர் அவ்வழியைப் பின்பற்றினர். ஒன்டாரியோ மாகாணத்து இலண்டன் நகரில் தோன்றிய ஓ-பீ-சீ என்னும் மெல்லும் பசை நிறுவனம் 1933 முதல் ஹாக்கிப் பட அட்டைகளை வெளியிட்டது. 1970-71ஆம் ஆண்டுப் பருவத்தில் எஸ்ஸோ என்னும் பெட்ரோல் நிறுவனம், கனடாவிலுள்ள தன் நிலையங்களில் பெட்ரோல் வாங்குவோர்க்கு அஞ்சல்தலை போன்ற படங்களை உறையிலிட்டு வழங்கியது. அவற்றை ஒட்டுவதற்கு ஏடும் வெளியிட்டது. அதே பருவத்தில் எட்டி சார்ஜென்ட் என்னும் பெயரால் 224 படங்கள் கொண்ட வேறோர் ஒட்டுப்படத் தொகுதியும் வெளிவந்தது. 1981-82ஆம் ஆண்டுப் பருவத்தில் ஓ-பீ-சீ நிறுவனம் ஒட்டுப்பட ஏடு வெளியிட்டது. இத்தாலி நாட்டு மோதெனா நகரில் 1961-இல் தொடங்கப்பெற்றுக் கால்பந்தாட்டப் படங்களால் உலகப் புகழ் பெற்ற பனினி நிறுவனம், 1987-88 முதல் தன் பெயராலேயே ஹாக்கி ஏடுகளை வெளியிட்டது. இன்று கனடாவின் பெரியோர் தேடித் திரியும் பழைய ஏடுகளுள் இவை சில.

இவற்றுள் எஸ்ஸோ ஏட்டையே எடுத்துக்கொள்வோம். அக்காலத்தில் தேசிய ஹாக்கிக் கழகத்தில் 14 அணிகள் இருந்தன. அணி ஒன்றுக்கு 18 வீரர் வீதம் 252 படங்கள் அவ்வேட்டுக்கு உரியவை. 1942 முதல் 1967 வரை அக்கழகத்தில் ஆறே அணிகள்தாம் இருந்தன. 1967-இல் மேலும் ஆறு அணிகள் சேர்ந்தன. 1970-இல் பஃபலோ, வான்கூவர் என்னும் இரு நகரங்களின் அணிகள் சேர்ந்தன. ஆகவே, வான்கூவர் நகரத்துச் சிறுவன் ஒருவன் தன் நகரத்து அணிக்கென ஒரு பக்கத்தைக் கண்ட முதல் பருவம் அதுவே. அவனுக்கு அவ்வேடு வெறுந்தாள் ஆகுமா?

அவ்வேடு ஒரு காலத்தின் சான்றாகவும் விளங்குகின்றது. அதில் இடம்பெற்ற கலிபோர்னியா அணி 1976-இல் கிளீவ்லாந்து நகருக்குப் பெயர்ந்தது. 1978-இல் மின்னசோட்டா அணியோடு கலந்து மறைந்தது. அந்த மின்னசோட்டா அணியும் 1993-இல் டல்லாஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. இன்று அக்கழகத்தில் 32 அணிகள் உள்ளன. நகரங்களும் அணிகளும் இவ்வாறு மாறிய பின்னும், பழைய ஏட்டில் அவை தம் பழைய சட்டையோடும் பழைய பெயரோடும் நிற்கின்றன. வரலாற்று நூல் வெற்றி பெற்றோரையே விரித்துக் கூறும். ஒட்டுப்பட ஏடோ, தோற்றுக் கலைந்த அணிக்கும் வென்று நின்ற அணிக்கும் ஒரே அளவான பக்கம் ஒதுக்கி வைத்திருக்கின்றது.

இன்னொரு நுட்பமும் உண்டு. பருவத்தின் தொடக்கத்தில் அச்சாகும் ஏடு பருவத்தின் முடிவை அறியாது. 1970-71ஆம் ஆண்டுப் பருவத்தில் பாஸ்டன் அணி 57 ஆட்டங்களில் வென்று நிகரற்று நின்றது. அவ்வணியின் பில் எஸ்போசிட்டோ 76 முறை இலக்கினுள் வட்டைச் செலுத்தினார்; பாபி ஆர் என்னும் பின்கள வீரர் 139 புள்ளிகள் ஈட்டினார். அவ்வணியே கோப்பையை வெல்லும் என்று எல்லாரும் எண்ணினர். ஆயின், மான்ட்ரியால் அணியினர் அதனை முதற் சுற்றிலேயே வீழ்த்திக் கோப்பையையும் வென்றனர். அவ்வெற்றிக்குத் தூணாக நின்ற இலக்குக் காவலர் கென் டிரைடன், அக்கழகத்தில் தம் முதல் ஆட்டத்தை ஆடியதே 1971 மார்ச்சுத் திங்களில்தான். அதற்குமுன் அவரை அறிந்தோர் சிலரே. இலையுதிர்காலத்தில் ஏட்டைக் கையில் எடுத்த சிறுவன் இதனைக் கனவிலும் கண்டிரான். பின்னர் வருவதை அறியாத நம்பிக்கையோடு அடுக்கப்பட்ட முகங்களை இன்று காணும் முதியவர், ஆட்டத்தை மட்டுமன்றித் தம் இளமையின் அறியாமையையும் அங்கே காண்கின்றார். இது நகைப்புக்கு உரியதன்று.

இனி, ஏட்டை நிரப்புதல் எத்துணை அரிது என்பதைக் கணக்கால் காண்போம். படங்கள் மூடிய உறையில் வருகின்றன. உள்ளே யார் முகம் உள்ளது என்பது திறந்த பின்னரே தெரியும். எல்லாப் படங்களும் ஒரே அளவாக அச்சாகித் தற்செயலாக உறைகளில் கலந்திருப்பதாகக் கொள்வோம். தொடக்கத்தில் கிடைப்பதெல்லாம் புதியவை. ஏடு விரைந்து நிரம்பும். 252 கட்டங்களுள் முதற் பாதியாகிய 126 கட்டங்களை நிரப்பச் சராசரியாக 174 படங்கள் போதும். பாதி நிரம்பியபின், வரும் படங்களுள் இரண்டில் ஒன்று முன்பே இருப்பதாக அமையும். மேலும் நிரம்ப நிரம்ப வீணாகும் படங்களே மிகும். எஞ்சிய பாதியை நிரப்ப ஏறக்குறைய 1,365 படங்கள் வேண்டும். இறுதிப் பத்துக் கட்டங்களுக்கு மட்டும் சராசரியாக 738 படங்கள் வேண்டும். கடைசியாக நிற்கும் ஒரே ஒரு கட்டத்துக்கு 252 படங்கள் வேண்டும். மொத்தத்தில் ஏறக்குறைய 1,540 படங்கள் பெற்றால்தான் ஒருவன் தனியே நின்று அவ்வேட்டை நிரப்ப இயலும். எடுத்த வேலையின் இறுதிச் சிறு பகுதி, ஏறக்குறைய மொத்த உழைப்பில் பாதியை விழுங்கிவிடுகின்றது என்பதை இக்கணக்கு காட்டுகின்றது.

இதனை வாழ்க்கையோடு பொருத்திக் காண்க. உறை ஒன்றில் ஆறு படங்கள். ஒரு தந்தை வாரம் ஒருமுறை பெட்ரோல் வாங்கி உறை ஒன்று கொணர்ந்தால், ஆறு திங்களில் 26 உறைகள். அவற்றுள் 156 படங்கள். அவற்றைக் கொண்டு சராசரியாக 116 கட்டங்களே நிரம்பும். 40 படங்கள் முன்பே உள்ளவையாக எஞ்சும். ஒரு குளிர்காலம் முழுவதும் காத்திருந்தும் ஏட்டில் பாதிகூட நிரம்பவில்லை. 1,540 படங்களுக்கு 257 உறைகள் வேண்டும். எந்தத் தந்தை அத்துணை முறை பெட்ரோல் வாங்குவார்?

எனினும் சிறுவர்கள் பலர் ஏட்டை நிரப்பினர். எவ்வாறு? அண்டை வீட்டுச் சிறுவனிடமும் 40 படங்கள் மிகையாக எஞ்சியுள்ளன. அடுத்த வகுப்பு மாணவனிடமும் அவ்வாறே. ஒருவனுக்கு மிகை, மற்றவனுக்குக் குறை. பள்ளி முற்றத்தில் இருவர் எதிரெதிரே நின்று படக்கட்டைப் புரட்டுவர். ஒருவன் ஒவ்வொன்றாகக் காட்ட, மற்றவன் “உண்டு, உண்டு, இல்லை” என்று சொல்லிக்கொண்டே வருவான். “இல்லை” என்ற சொல் பிறந்த இடத்தில் பண்டமாற்று தொடங்கும். தனியே நின்றால் 1,540 படங்கள் கேட்கும் ஏடு, பலர் கூடி மாற்றிக்கொண்டால் அதில் சிறு பகுதியே கேட்கின்றது. கூடுவோர் பெருகப் பெருக வீணாகும் படம் குறைந்துகொண்டே வரும். கூட்டுறவின் பயனை இதனினும் தெளிவாக உணர்த்தும் பாடம் சிறுவர்க்கு வேறு எது கிடைக்கும்?

பண்டமாற்றில் மற்றொரு பாடமும் உண்டு. அங்கே பொருளின் மதிப்பைத் தேவையே உறுதி செய்கின்றது. புகழின் உச்சியில் நின்ற பாபி ஆரின் படம் இருமுறை கிடைத்தவனுக்கு, இரண்டாம் படம் சுமையே. அணியின் கடைக்கோடியில் அமர்ந்து, எப்போதோ ஒருமுறை களம் இறங்கும் வீரர் ஒருவரின் படம் கிடைக்காதவனுக்கு, அவரே அன்றைய பேரரசர். அவர் பெயரை அவன் உறங்கும்போதும் உச்சரிப்பான். புகழ் பெறாத எத்தனையோ ஆட்டக்காரர்களின் பெயர், ஏதோ ஒரு சிறுவனின் ஏட்டில் இறுதிக் கட்டமாக நின்ற காரணத்தால் இன்றும் மறக்கப்படாமல் வாழ்கின்றது. கட்டங்கள் எல்லாம் ஓரளவு. தலைவருக்குப் பெரிய கட்டமும் தொண்டருக்குச் சிறிய கட்டமும் இல்லை. ஒருவர் குறைந்தாலும் ஏடு குறையே. சமுதாயத்தில் எளியோர்க்கு உரிய இடத்தை இதனினும் நயமாக எடுத்துக்காட்டுதல் அரிது.

ஆயினும், இவ்வழக்கத்தின் நிழற்புறத்தையும் மறைக்கலாகாது. படம் வெளியிடுவோர் அறம் வளர்க்கும் பொருட்டு வெளியிடுவதில்லை; தம் பண்டம் விலைபோகும் பொருட்டே வெளியிடுகின்றனர். நிரம்பாத ஏடு அவர்களுக்குப் பயன் தரும் ஏடு. 1923-24ஆம் ஆண்டுப் பருவத்தில் ஒன்டாரியோ மாகாணத்துப் பிராண்ட்ஃபோர்டு நகரத்து வில்லியம் பேட்டர்சன் என்னும் இனிப்புப் பண்ட நிறுவனம் 40 ஹாக்கிப் பட அட்டைகளை வெளியிட்டது. முழுத் தொகுதியையும் சேர்த்துக் கொணர்ந்தோர்க்குப் பரிசு உண்டு. அவற்றுள் 25ஆம் எண்ணுள்ள பெர்ட் கார்போ என்னும் வீரரின் படம் மட்டும் மிக மிக அரிதாக இருந்தது. 39 படங்களைச் சேர்த்து ஒன்றுக்காக ஏங்கி நின்றோர் பலர் ஆவர். பரிசு பெறுவோர் தொகையைக் குறைத்தற்கே அப்படத்தைச் சுருக்கி அச்சிட்டனர் என்று சேகரிப்போர் கருதுகின்றனர். நூறாண்டு கழிந்த பின்னும் அப்படம் கிடைத்தற்கு அரியதாகவே உள்ளது.

இதற்கு மாறான வழியும் அந்நாட்டிலேயே இருந்தது. போர்ட் கிரெடிட் என்னும் ஊரிலிருந்த செயின்ட் லாரன்ஸ் ஸ்டார்ச் நிறுவனம், 1934 முதல் 1967 வரை, தன் பீஹைவ் சோளப்பாகுக் கலத்தின் அடையாளத் தாளை அஞ்சலில் அனுப்பியோர்க்கு ஹாக்கி வீரரின் நிழற்படம் அனுப்பியது. சிறுவன் தான் விரும்பும் வீரரின் பெயரை எழுதிக் கேட்கலாம். அங்கே மூடிய உறை இல்லை, ஏமாற்றமும் இல்லை. விற்பனையே இதற்கும் நோக்கம் எனினும், வாங்குவோன் தான் பெறப்போவது இன்னது என்று அறிந்தே வாங்கினான். இவ்விரண்டையும் ஒப்பிட்டால், தற்செயலை விற்பதற்கும் பொருளை விற்பதற்கும் உள்ள வேற்றுமை விளங்கும். மூடிய உறையைத் திறக்கும்போது நெஞ்சில் எழும் துடிப்பு இனியது; அதுவே எல்லை கடந்தால் சூதாட்டத்தின் துடிப்பாக மாறும். ஆதலின், ஏடு நிரப்பப் புகும் இளைஞன் தான் செலவிடும் தொகைக்கு முதலிலேயே வரம்பு கட்டிக்கொள்ளல் வேண்டும். வரம்புக்குள் வாங்குக, வரம்புக்கு மேல் வேண்டுவதைப் பண்டமாற்றால் பெறுக.

இனி, பணமே இதன் பயன் என்போர் கூற்றை நோக்குவோம். பழைய ஹாக்கிப் படங்களுள் சில பெருவிலை பெறுவது மெய்யே. ஓ-பீ-சீ நிறுவனம் 1979-இல் வெளியிட்ட வேய்ன் கிரெட்ஸ்கியின் முதல் பட அட்டை ஒன்று, மாசுமறுவற்ற நிலையில் இருந்தமையால், 2021-இல் 37 இலட்சத்து 50 ஆயிரம் அமெரிக்க டாலருக்கு விலைபோயிற்று. இச்செய்தியைக் கேட்டோர் பலர் தம் வீட்டுப் பரணிலுள்ள பழம்பெட்டிகளைத் துழாவினர். ஆயின், இலட்சக்கணக்கில் அச்சான படங்களுள் அந்நிலை எய்துவது ஒன்றோ இரண்டோ. எஞ்சியவற்றின் மதிப்பு, அவற்றை நேசிப்போர் உள்ளத்தில் உள்ள மதிப்பே. விலைக்கென்று சேர்ப்பவன் படத்தைப் பார்ப்பதில்லை. அதன் மூலைகளையே பார்க்கின்றான். மூலை மழுங்கியிருந்தால் அவனுக்கு அது குப்பை. சிறுவன் ஒருவன் சட்டைப்பையில் பன்முறை வைத்து எடுத்த காரணத்தால்தான் அம்மூலை மழுங்கியது என்பதை அவன் எண்ணுவதில்லை.

இங்கே ஒரு மெய்யான சிக்கல் தோன்றுகின்றது. ஐம்பது ஆண்டுகளாக ஒட்டப்படாமல் தப்பிப் பிழைத்த ஒட்டுப்படம் ஒன்று, இன்று ஒருவர் கையில் கிடைக்கின்றது. அவருடைய ஏட்டில் அதற்குரிய கட்டம் வெறுமையாக உள்ளது. அதனை ஒட்டலாமா, கூடாதா? ஒட்டிவிட்டால் மீண்டும் பிரிக்க இயலாது. பிரித்தால் படமும் கிழியும், தாளும் கிழியும். சந்தையில் அதன் விலையும் குறையும். ஒட்டாவிட்டால் ஏடு என்றும் நிரம்பாது. காப்பதே கடமை என்பர் ஒரு சாரார். ஒட்டுவதே நோக்கம் என்பர் மற்றொரு சாரார்.

எந்தப் பொருளும் எதற்காகச் செய்யப்பட்டதோ அதனை நிறைவேற்றும்போதுதான் முழுமை பெறுகின்றது. விதையைக் களஞ்சியத்தில் காப்பதும் வேண்டும்; ஆனால் எல்லா விதையையும் காத்தே வைத்தால் பயிர் ஏது? ஒட்டுப்படம் ஒட்டுவதற்கென்றே பிறந்தது. அது தனித்து நிற்கும்போது ஒரு முகம். ஏட்டில் அமரும்போது ஓர் அணி. ஆகவே, ஏராளமாக எஞ்சியுள்ள படங்களை ஒட்டி ஏட்டை நிரப்புதல் குற்றமன்று. அவற்றைப் பிறவிப் பயன் எய்தச் செய்தலேயாகும். ஆயின், உலகில் மிகச் சிலவே எஞ்சியுள்ள படமாயின் அதனை ஒட்டுதல் தகாது. ஏனெனில் அது தனி ஒருவருடைய விருப்பத்துக்கு மட்டும் உரியதன்று. பின்வரும் தலைமுறைக்கும் உரியது. அத்தகைய படத்தை நிழற்படம் செருகும் மூலைத்தாள்களின் உதவியால் கட்டத்தில் நிறுத்தலாம், பசை படாது, வேண்டும்போது எடுக்கவும் இயலும். கட்டமும் நிரம்பும், படமும் பிழைக்கும். பிழைத்த படங்களின் தொகையை அறிந்து செயலாற்றுதலே அறிவுடைமை. கண்மூடி ஒட்டுவதும் கண்மூடிக் காப்பதும் ஒருங்கே பிழையாம்.

“நிரம்பிய ஏட்டையே விலை கொடுத்து வாங்கிவிடலாமே, ஏன் ஒவ்வொன்றாகத் தேடி அலைதல் வேண்டும்?” என்று வினவுவோர்க்கும் விடை கூறுதல் வேண்டும். நிரம்பிய ஏட்டை வாங்குவோர்க்கு ஏடு கிடைக்கும். நிரப்பிய இன்பம் கிடைக்காது. மலையுச்சியின் படத்தைச் சுவரில் மாட்டுவோரும் மலை ஏறியோரும் ஒருவரல்லர். மேலும், இல்லாத படம் ஒன்றைத் தேடிச் செல்லும் வழியில் எத்தனையோ மனிதர் எதிர்ப்படுவர். ஒருவர் வேற்றூரில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியராக இருக்கலாம். ஒருவர் கடைகாரராக இருக்கலாம். ஒரே படத்தை ஒருவர் தேட, ஒருவர் வைத்திருக்க, இருவருக்கும் இடையே மடல் போக்குவரத்து நிகழும், நட்பு மலரும். தம்மிடம் மிகையாக உள்ளதை விலை கேளாது உறையிலிட்டு அனுப்பிவைக்கும் பெருந்தகையாளரும் உண்டு. பள்ளி முற்றத்தில் சிறுவர்கள் கற்ற பண்டமாற்று, முதுமையில் நாடளாவிய நட்பாக விரிகின்றது.

இப்பழக்கத்தை வீண் என்போர் மற்றொன்றையும் மறக்கின்றனர். ஏடு நிரப்புவோர்க்கு நேர்மை இன்றியமையாதது. பழைய படங்களைப் போலவே புதிதாக அச்சிட்டு விற்போர் உண்டு. மறுபதிப்பை மூலம் என்று கூறி மாற்றுவோரும் உண்டு. அத்தகைய போலிப் படத்தை ஒட்டி ஏட்டை நிரப்பிவிட்டால் பிறர் அறியமாட்டார். ஆனால் ஒட்டியவர் அறிவார். ஏட்டைத் திறக்கும்போதெல்லாம் அவர் கண் அந்தக் கட்டத்திலேயே சென்று நிற்கும். ஆகவே, மெய்யான வெற்றிடம் பொய்யான நிறைவினும் சிறந்தது என்னும் உண்மையை இவ்வேடு கற்பிக்கின்றது. பிறர் காணாத இடத்திலும் நேர்மையாக நடப்பவனே நேர்மையாளன்.

சேர்க்கும் விருப்பம் கத்தியைப் போன்றது. அடுக்களையில் உதவும் அதுவே அளவு மீறினால் கையையும் அறுக்கும். வீட்டுச் செலவை ஒதுக்கிப் படம் வாங்குவதும், ஒரு படத்துக்காக நண்பனை ஏமாற்றுவதும், விலை ஏறும் என்று பெட்டியில் பூட்டி வைப்பதும் அவ்விருப்பத்தின் கேடுகள். வரம்பறிந்து வாங்குதலும், மிகையைப் பிறர்க்கு ஈதலும், ஒட்டும் முன் ஒவ்வொரு முகத்தையும் உற்றுநோக்கி அவர் யார், எந்த ஊரினர், என்ன செய்தார் என்று கேட்டறிதலும் அதன் நலங்கள். இந்நலங்கள் ஹாக்கிப் படத்துக்கு மட்டும் உரியவை அல்ல. அஞ்சல்தலைக்கும் நாணயத்துக்கும் இலைக்கும் சிப்பிக்கும் உரியவை.

மாணவர் ஒவ்வொருவர் கையிலும் ஏதேனும் ஓர் ஏடு இருத்தல் நன்று. அஃது எவ்வகைப் பொருளின் ஏடாயினும் ஆகுக. தொடங்குதல் எளிது, பாதிவரை செல்லுதலும் எளிது. இறுதிப் பத்துக் கட்டங்களே மனிதனைச் சோதிப்பவை. அங்கே பொறுமை வேண்டும், நண்பர் துணை வேண்டும், நேர்மை வேண்டும். இம்மூன்றையும் கைக்கொண்டு ஏட்டை நிரப்பியவர், படங்களைச் சேர்த்ததோடு பண்புகளையும் சேர்த்தவர் ஆவர். படங்கள் ஒருநாள் நிறம் மங்கும்; பசை உலரும்; தாள் பழுக்கும். அப்பண்புகளோ, வாழ்நாள் முழுவதும் உரியவரோடு ஒட்டி நிற்கும்.